அறுபதை இருபது என்று எழுது

போன் அடித்தது.

பரீட்சை தொடங்கும் நேரம். எடுக்கக் கூடாது.

எடுத்தாள். திரையில் கணவரின் எண்.

“என்னங்க, மறுபடியும் தையல் மெஷின்ல விரலை விட்டுட்டீங்களா?”

மறுமுனையில் மூச்சு மட்டும். பிறகு, வாயில் துணியை வைத்துப் பேசுவதுபோல் ஒரு கரகரக் குரல்.

“உன் புருஷன் எங்ககிட்ட இருக்கான்.”

“யா... யாரு?”

“இந்தப் பரீட்சையில நீ ஃபெயில் ஆகணும். ஃபெயில் ஆனா, சாயங்காலம் நடந்து வருவான். பாஸ் பண்ணினே... பார்சல்ல வருவான்.”

“அவர்கிட்ட குடுங்க.”

“பயமா இருக்கும்மா...”

அவர்தான். நடிக்கத் தெரியாத மனிதர். பள்ளி நாடகத்தில் மரமாக நின்று, அதையும் சொதப்பியவர். இந்தப் பயம் நிஜம்.

லைன் கட்டானது.

எதிரே மைதானம். நடுவில் லாரி, அதன் மேல் புகைபோக்கி. அதிலிருந்து விதவிதமாகப் புகை வரும். புகை பின்னால் இருப்பதை எவ்வளவு மறைக்கிறது என்று வெறும் கண்ணால் மதிப்பிட வேண்டும். ஒன்றுமே மறைக்காவிட்டால் பூஜ்யம். முழுசாக மறைத்தால் நூறு. சரியான விடை லாரிக்குள் இருக்கும் மீட்டருக்குத்தான் தெரியும். ரொம்பத் தவறினால் அவுட்.

புகை ஆய்வாளரான அவளுடைய பழைய சான்றிதழ் இன்றோடு காலாவதி. நாளைக் காலை ஈய ஆலையின் சிம்னியைப் பார்த்து அவள் எழுதப்போகும் எண்ணுக்காக, பக்கத்துப் பள்ளிக்கூடமே இருமிக்கொண்டு காத்திருந்தது. இன்று தோற்றால் அந்த எண் செல்லாது; ஆலை தப்பிவிடும்.

பயிற்சி மாஸ்டர் விசிலை ஊதினார்.

“எல்லாரும் வெயில் முதுகுல விழற மாதிரி நில்லுங்க. மூஞ்சில வெயில் அடிச்சா புகை பொய் சொல்லும். என்ன கழுகு, முகம் வெளுத்திருக்கு?”

கழுகு என்றால் அவள்தான். கண்ணுக்காக அவர் வைத்த பெயர்.

“ஒண்ணுமில்ல மாஸ்டர்.”

கரும்புகை எழுந்தது. அறுபது. கழுகுக்குச் சந்தேகமே இல்லை. இருபது என்று எழுதினாள். அடுத்தது பத்து. எண்பது என்று எழுதினாள்.

சுற்று முடிந்ததும் மறுபடி போன்.

“திரும்பாதே. நேரா பார்த்தே பேசு. நான் உன் பின்னாலதான் நிக்கறேன்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அறுபதை இருபதுன்னு எழுதினே பாரு... அருமை. அப்படியே போ.”

“அவரை ஒண்ணும் பண்ணிடாதீங்க...”

தலை குனிந்தாள். புல்லின் மேல் காலை வெயிலில் நீண்டு கிடந்தது அவள் நிழல். அதன் பக்கத்திலேயே இன்னொரு நிழல் நீண்டிருந்தது. அதன் தலையில் தொப்பி. ஒரு கை காதோரம்.

“புரியுதா?” என்றது போன்.

நிழல் தலையை ஆட்டியது. கழுத்தில் ஒரு விசிலும் ஆடியது.

வெயிலை முதுகில் வாங்கி நிற்பவளுக்கு, பின்னால் நிற்பவன் முன்னால் விழுவான். பாடம் சொல்லிக்கொடுத்தவரே அதை மறந்துவிட்டார்.

திரும்பினாள்.

மாஸ்டர். வாயில் கைக்குட்டை. கையில் அவள் கணவரின் போன்.

“நீங்களா மாஸ்டர்...? எத்தனை வருஷமா உங்களை...”

“கத்தாதே கழுகு. சொல்றேன்.”

“அவர் உசிரோட இருக்காரா?”

மாஸ்டர் லாரியைக் காட்டினார். ஓடினாள். கதவைப் பிடுங்காத குறையாகத் திறந்தாள்.

மீட்டருக்குப் பக்கத்தில் ஸ்டூல். ஸ்டூலில் கணவர். கயிறு இல்லை. காயம் இல்லை. கண் மட்டும் சிவந்திருந்தது.

“யாருங்க உங்களைத் தூக்கிட்டு வந்தது?”

“யாருமில்ல. பஸ் பிடிச்சு நானாதான் வந்தேன்.”

“என்ன?”

“நேத்து ஆலைக்காரங்க ரெண்டு பேர் தையல் கடைக்கு வந்தாங்க. நாளைக்கு நீ அந்தச் சிம்னி முன்னாடி நின்னா சுட்டுடுவாங்களாம். உங்கிட்ட சொன்னா நிக்காம இருப்பியா? அதான் மாஸ்டர் கால்ல விழுந்தேன். நீ ஃபெயிலாயிட்டா உன்னை அனுப்பமாட்டாங்கல்ல...”

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அறைவதா, அணைப்பதா என்று தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கடை கேமராவுல அவனுங்க மூஞ்சி விழுந்திருக்கா?”

“பளிச்சுனு.”

“அதைப் போலீஸுக்கு அனுப்புங்க. இப்பவே. மாஸ்டர், அடுத்த சுற்று உண்டா?”

பின்னால் வந்து நின்ற மாஸ்டர் தொப்பியைக் கழற்றியிருந்தார். “உண்டும்மா. மத்தியானம் இன்னொரு தடவை எழுதலாம்.”

எழுதினாள். ஒரு புகைகூடத் தப்பவில்லை.

“நாளைக்குப் போலீஸ் துணைக்கு வராங்க,” என்றாள் கணவரிடம். “நீங்களும் வந்து பக்கத்துல நில்லுங்க. யாரைச் சுடறதுன்னு அவனுங்க குழம்பட்டும்.”

“என்ன குழப்பம்? நடுங்கறவனை விட்டுட்டு, நடுங்காம நிக்கறவளைச் சுடுவான்.”

அவள் கையை நீட்டிக் காட்டினாள். அது தையல் மெஷின் ஊசிபோல் ஆடிக்கொண்டிருந்தது.

“அப்ப ரெண்டு பேருமே தப்பிச்சோம்,” என்றார் கணவர்.