முதுகு காட்டி நின்ற குழந்தை

குழந்தை ஒரு படி ஏறியிருந்தது.

அச்சகத்திலிருந்து வந்த மாதிரித் தாளை மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் கைக்குக் கிடைத்ததை வைத்து அழுத்திவிட்டு, டிசைனர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினான். தாளிலிருந்த வீட்டு வாசலுக்கு ஐந்து படிகள். குழந்தையை அவன் நிறுத்தியது மூன்றாவதில். தாளில் அது நான்காவதில் நின்றது. பதினெட்டு வருஷமாக சினிமா போஸ்டர் செய்கிறவன். கதாநாயகனின் தொப்பையைக் கரைத்திருக்கிறான், கதாநாயகியின் வயதைப் பாதியாகக் குறைத்திருக்கிறான். ஆனால் அவன் வைத்த இடத்தை விட்டு யாரும் இதுவரை நகர்ந்ததில்லை. தூக்கமில்லாத கண் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். அவன் ஒழுங்காகத் தூங்கி எட்டு மாதம் ஆகிறது.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவன் மகள் காய்ச்சலில் படுத்து, மூன்றாம் நாள் போய்விட்டாள். ஏழு வயது.

போஸ்டர் வேலையில் டம்மி என்று ஒன்று உண்டு. நடிப்பவரின் படம் கைக்கு வரும்வரை, அளவு பார்க்க யாரையாவது அந்த இடத்தில் நிறுத்தி வைப்பார்கள். வந்ததும் டம்மியைத் தூக்கிவிடுவார்கள். குழந்தை நட்சத்திரத்தின் படம் வரத் தாமதமானபோது அவன் தன் மகளின் புகைப்படத்தை வெட்டி வைத்தான். அவள் முகம் தெரிகிற படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றைத் திறந்து பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. இது ஒன்றில்தான் அவள் முதுகு காட்டி நின்றாள். மஞ்சள் கவுன், இடுப்புவரை அவிழ்த்துவிட்ட முடி. "இங்க பாரு பாப்பா" என்று அவன் கெஞ்சக் கெஞ்ச, அப்பாவைச் சீண்டுவதற்காகவே திரும்பாமல் நின்ற நாள் அது.

மூன்று மணிக்கு டைரக்டர் தயாரிப்பாளரைக் கூட்டிக்கொண்டு வந்தான். வெளியே மழை கட்டி, பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. தயாரிப்பாளர் தாளைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"மேல பாதி சும்மா கிடக்கே சார். அதுல என் கம்பெனி பேரைப் பெருசாப் போடலாமே."

"அது சும்மா கிடக்கலைங்க" என்றான் டிசைனர். "அந்த இருட்டு வானம் முழுக்க கீழ இருக்கிற சின்ன வீட்டு மேல உக்காந்திருக்கு. பொண்ணைப் பறிகொடுத்த அம்மாவோட பாரம் அது. வீட்டை ஒரு துளி சாய்ச்சிருக்கேன். பாக்கிறவங்களுக்குச் சாய்வு தெரியாது, ஆனா நிம்மதியா நிக்க முடியாது. தாள்லயே சூடான நிறம் மஞ்சள் ஒண்ணுதான். கதவுக்குள்ள இருக்கு, அப்புறம் குழந்தை கவுன்ல இருக்கு. அது ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கூப்பிடுது."

"நிழலைக் காணோமே?"

"வெளிச்சம் அவளுக்கு எதிர்ல இருக்கு. நிழல் நம்ம பக்கம் விழணும். விழலை. அவ உயிரோட இல்லைன்னு யாரும் சொல்லாமலே மனசுக்குத் தெரிஞ்சிடும்."

டைரக்டர் உற்சாகமாகக் குறுக்கிட்டான். "படமே அதான் சார். அம்மா கூப்பிட்டுக்கிட்டே இருக்கா, பொண்ணும் வந்துடுது. ஆனா முழுசா வரலை. அம்மா எதைப் பிடிச்சு வச்சிருந்தாளோ, அது மட்டும் வருது."

"முகத்தைக் காட்டலாமில்ல?" என்றார் தயாரிப்பாளர்.

"வேண்டாங்க. முகம் இல்லாட்டித்தான் அவங்கவங்க அவங்கவங்க குழந்தையை..." டிசைனர் டம்ளரை எடுத்தான். தண்ணீர் குடித்தான்.

கிளம்பும்போது டைரக்டர் தோளைத் தொட்டான். "அண்ணே, நம்ம பாப்பா நட்சத்திரத்தோட படம் அனுப்பிட்டேன். டம்மியைத் தூக்கிட்டு ஆறு மணிக்குள்ள அச்சுக்கு அனுப்பிடுங்க. ஆமா, இந்த டம்மி யாரு?"

"தெரியாது தம்பி. எங்கயோ கிடைச்ச படம்."

பெற்ற வாய் அப்படிச் சொல்லிவிட்டது.

தனியாக உட்கார்ந்து கம்ப்யூட்டரில் போஸ்டர் கோப்பைத் திறந்தான். திரையிலும் அவள் நான்காவது படியில்தான் நின்றாள். ஒரு சொடுக்குப் போதும், அவள் போய்விடுவாள். ஒரு தடவை இந்தக் கையாலேயே அவளை வழியனுப்பியாகிவிட்டது. இன்னொரு தடவை எந்தத் தகப்பனால் முடியும்? விரல் பொத்தானின் மேலேயே கிடந்தது. ஏசியின் உறுமல், ஜன்னல் கண்ணாடியில் ஓடிய மழை, அடுத்த அறையில் யாரோ நாற்காலியை இழுத்த சத்தம், எல்லாவற்றுக்கும் அடியில் ஈரமுடியின் வாசனை. குளித்துவிட்டு வந்து, துவட்டிவிடச் சொல்லி மடியில் விழுவாளே, அந்த வாசனை. அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுதுகொண்டே, திரையில் நெற்றியை வைத்துச் சொன்னான்.

"வீட்டுக்குப் போயிடு பாப்பா. இங்க இருந்தா தூக்கிடுவாங்க. அம்மாகிட்ட போயிடு."

செருப்புச் சத்தம் கேட்டது. சின்னச் செருப்பு. ஒரே ஒரு அடி.

நிமிர்ந்தான். ஐந்தாவது படி.

கண்ணைத் துடைத்தான். படிகள் காலியாக இருந்தன. மேசையில் விரித்திருந்த தாளைப் பார்த்தான். அதிலும் யாரும் இல்லை. அவன் எதையும் அழிக்கவில்லை.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க. பாப்பா வந்திருக்கா."

அவளுடைய குரலில் எட்டு மாதமாக இல்லாத சிரிப்பு.

"வந்ததுலேர்ந்து முகத்தைக் காட்ட மாட்டேங்கிறா. கோபம்போல. நீங்க வாங்க. நீங்க கூப்பிட்டா திரும்புவா."

மழையில் எப்படி வண்டி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது. போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கதவு திறந்து கிடந்தது. கூடத்தில் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள், கையில் சீப்பு. அவளுக்கு முன்னால் மஞ்சள் கவுன். வாசலில் நின்றவனுக்கு முதுகு தெரிந்தது.

சுவரை ஒட்டி நகர்ந்தான். முதுகு.

ஜன்னல் பக்கம் போனான். முதுகு.

மனைவியின் பின்னால் போய் நின்றான். அங்கிருந்தும் முதுகுதான். முடிதான்.

"முன்னாடியெல்லாம் முடி விழுந்து கிடக்குங்க" என்றாள் மனைவி. "ஒதுக்கறேன், ஒதுக்கறேன், முகம் வரவே மாட்டேங்குது. நீங்க அந்தப் பக்கம் உக்காருங்களேன்."

உட்கார்ந்தான். ஓடிவிடத்தான் நினைத்தான். ஆனால் அது மெல்ல அவன் மேல் சாய்ந்தது, மகள் சாய்கிற மாதிரியே. எடையே இல்லை. அச்சுத் தாளின் குளிர்ச்சி. அவன் கை தானாக எழுந்து முடியை விலக்கியது. அடியில் முடி. அதை விலக்கினான். அதற்கும் அடியில் முடி.

"என் பக்கம் முதுகு காட்டிக்கிட்டிருக்கா" என்றாள் மனைவி, ஆசையாக. "அப்போ உங்க பக்கம் முகம் தெரியுமே. தெரியுதா?"

அவன் அவளைப் பார்த்தான்.

"தெரியுதும்மா."

"சிரிக்கிறாளா?"

"சிரிக்கிறா."

அவன் கை மணிக்கட்டுவரை முடிக்குள் போயிருந்தது. விரல்களில் இன்னும் எதுவும் தட்டுப்படவில்லை.