மடக்கப்பட்ட மூன்று மெயில்கள்

திங்கட்கிழமை காலை எட்டு மணி. குளிர்கிடங்கின் இரும்புக் கதவை இழுத்த லோடுமேன் அடுத்த நொடி அலறினான்.

உள்ளே, மீன் பெட்டிகளுக்கு நடுவே முதலாளி உட்கார்ந்திருந்தார். விறைத்துப்போய்... கையில் செல்போனோடு!

கதவை உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி உடைந்து ஆறு மாதம் ஆகிறது. சரிசெய்யலாம் என்றவர்களைத் திட்டித் துரத்தியவரும் அவரேதான்.

இன்ஸ்பெக்டருக்கு ஐந்து நிமிடத்தில் விஷயம் புரிந்தது. ஞாயிறு விடுமுறை. சரக்கு பார்க்கத் தனியாக வந்தவர் மாட்டிக்கொண்டுவிட்டார். தடித்த சுவருக்குள் போன் சிக்னல் எட்டாது. ஆபீஸ் வைஃபை எட்டும், ஆனால் அதில் ஆபீஸ் மெயில் தவிர எதுவும் போகக்கூடாது என்பது முதலாளி உத்தரவு. சொந்தச் செலவில் சூனியம்!

"அப்ப மெயில் அனுப்பியிருப்பாரே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கம்ப்யூட்டர் செக்‌ஷன் பெண்ணுக்கு முகம் வெளிறியது. போன மாதம் முதலாளி பெயரில் போலி மெயில்கள் வந்ததால், ஒரு ஏ.ஐ. காவலை நிறுவியவள் அவள். யார் எப்படி எழுதுவார்கள் என்று அது படித்து வைத்திருக்கும். போலி என்று உறுதியானால் மடக்கிவிடும். விடுமுறையில் மடக்கியதைத் திங்களன்றுதான் பார்ப்பது வழக்கம்.

பட்டியலைத் திறந்தாள். மூன்று மெயில்கள், எல்லா ஊழியர்களுக்கும்.

'தயவுசெய்து யாராவது கதவைத் திறங்கள்.'

"மிஷின் கொன்னுடுச்சு சார்," என்று அழுதபடி தலையில் அடித்துக்கொண்டான் மேனேஜர். முதலாளி மனைவியின் தம்பி. "பத்தொம்பது வருஷத்துல மாமா யார்கிட்டயும் தயவுசெய்துன்னு சொன்னதில்ல. அதான் போலின்னு நெனச்சிருக்கு. எல்லாம் இவ வெச்ச வினை."

வேலியே பயிரை மேய்ந்த கதை என்று முணுமுணுத்த இன்ஸ்பெக்டர், அவளை ஸ்டேஷனுக்குக் கிளம்பச் சொன்னார்.

ஜெயில்தான்... அவளுக்குக் கண் இருட்டியது.

ஆனால் ஒன்று உறுத்தியது. நடை மாறினால் காவல் எச்சரிக்கைதான் ஒட்டும், மடக்காது. மடக்க, யாராவது 'போலி' என்று சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். குடும்பத்தார் சொன்னால் மறுபேச்சு கூடாது என்பதும் முதலாளி உத்தரவு.

"ஒரு நிமிஷம் சார்." மடக்காமல் விட்ட மெயில்களைத் துழாவினாள்.

ஞாயிறு காலை 11.05. மேனேஜருக்கு மட்டும்.

'தண்டச்சோறு! கிடங்குல மாட்டிக்கிட்டேன். வந்து கதவைத் திறடா.'

"அசல் முதலாளி நடை. மிஷின் சந்தேகமே படல," என்றாள். "மேனேஜர் சார் 11.07க்குப் படிச்சிருக்காரு. 11.20க்குப் 'போலி' பட்டனை அமுக்கியிருக்காரு. அதுக்கப்புறம்தான் முதலாளி போன்ல இருந்து வந்த எல்லாத்தையும் மடக்கியிருக்கு."

மேனேஜரின் அழுகை நின்றது.

"கொல்லணும்னு நெனைக்கல சார். ஏன் வரலைன்னு கேட்டா, போலின்னு நெனச்சேன்னு சொல்லிக்கலாம்னுதான் அமுக்கினேன். ஒரு தடவையாவது என்கிட்ட கெஞ்சட்டும், ஓடிப்போய்த் திறக்கலாம்னு சாயங்காலம் வரைக்கும் போனையே பார்த்துட்டிருந்தேன். வரவேயில்ல. வெளிய வந்துட்டார்னு விட்டுட்டேன்."

முதலாளி கெஞ்சியிருந்தார். மூன்று முறை. அவன் அமுக்கிய பட்டன்தான் அந்த மெயில்களை அவனிடமே வரவிடவில்லை.

அவள் தப்பித்துவிட்டாள். ஆனாலும் அழுகை வந்தது. கடைசிவரை கேட்காமல் போன அந்தக் குரலை மடக்கியது அவள் வைத்த காவல்தானே!

இன்ஸ்பெக்டர் மேனேஜரின் தோளைத் தொட்டார்.

"ஏறுய்யா ஜீப்புல. எங்க லாக்கப்புல வைஃபை கூட கிடையாது."