மூத்த எலும்பு

வரைமுடி மலைநகரில் டீ குடிக்கப் போனால் முதலில் துப்ப வேண்டும்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைத் தட்டு இருக்கும். அதற்கு எச்சில்மானி என்று பெயர். அதில் ஒரு துளி விட்டால், இந்த மலையின் ஆதிமனிதரோடு உங்களுக்கு எத்தனை விழுக்காடு மரபணுப் பொருத்தம் என்பது பச்சை எழுத்தில் எரியும். பன்னிரண்டுக்கு மேல் என்றால் பெஞ்சில் உட்கார்ந்து இஞ்சி டீ. ஏழெட்டு என்றால் நின்றுகொண்டு. மூன்று, நான்கு என்று காட்டினாலும் டீ உண்டு, இஞ்சிதான் கிடையாது. அடுத்தவர் வாய் வைத்த டம்ளரைத் தொட்டாலே கையைக் கழுவிக்கொண்ட ஓர் இனம், இப்போது தெருவுக்குத் தெரு வரிசையில் நின்று எச்சிலைப் பெருமையோடு காட்டிக்கொண்டிருந்தது. முன்னேற்றம் வேறு எப்படி இருக்கும் என்று நினைத்தீர்கள்?

காரணம் வெயில்தான். கீழே சமவெளியில் பகலில் வெளியே வந்தால் செருப்பு தார் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. மக்கள் நிலவறைக் குடியிருப்புகளில் பகலைத் தூங்கிக் கழித்துவிட்டு, இருட்டிய பிறகு எலிகளைப் போலத் தலை நீட்டினார்கள். வரைமுடியிலோ ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, "இன்னிக்குக் கொஞ்சம் சில்லுன்னு இருக்குல்ல" என்று சலித்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் மேலே வர ஆசை. மலையில் இடம் கொஞ்சம்.

யாரை ஏற்றுவது? பணத்தை வைத்துத் தேர்ந்தெடுத்தால் அநியாயம் என்பார்கள். சாதியை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஆகவே அறிவியலை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். அறிவியலோடு யாரும் மல்லுக்கு நிற்க முடியாதல்லவா? ஒரு குகையில் ஆயிரம் வருடத்துக்கு முந்திய மூன்று பேரின் எலும்புகள் கிடைத்தன. அவர்களுக்கு மூலவர் என்று பெயர் வைத்தார்கள். மூலவரோடு பொருந்தியவர் மலைக்கு உரியவர்; பொருந்தாதவர் கீழே. ரோப்காரின் அடிவார நிலையத்திலும் ஓர் எச்சில்மானி வைத்திருந்தார்கள். சமவெளிக்காரர்கள் லாட்டரிச் சீட்டுச் சுரண்டுவது போலத் தினமும் அதில் துப்பிப் பார்த்துவிட்டு நிலவறைக்குத் திரும்பிப் போனார்கள்.

மலையை ஆளும் மலையவைக்கு, மிக அதிகப் பொருத்தம் உள்ளவரே தலைவர்: முப்பத்தெட்டு விழுக்காட்டு மலைக்கொழுந்து. சோதனைக்கு முன்பு அவர் பெயர் தினேஷ்குமார்.

மரபணு ஆய்வகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவள் செவந்தி. பதினொரு விழுக்காடு. இத்தனை தலைமுறை தாண்டிவிட்டால் எல்லாருக்கும் எல்லாரும் பாட்டன்தான், ஆகவே இந்த விழுக்காடெல்லாம் பஞ்சாங்கப் பொருத்தம் மாதிரியான சமாசாரம் என்று அவள் ஒருமுறை ஆய்வறிக்கை எழுதினாள். மலையவை அவளை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தியது. அறிக்கையைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியது. ஒரு கருத்தை ஒழித்துக்கட்ட இதைவிட மரியாதையான வழியை நம்மவர்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அவள் கணவன் சவரிராயன் ரோப்கார் இயக்குபவன். கடற்கரை ஊரிலிருந்து மெக்கானிக்காக வந்தவன். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டான். நான்கு விழுக்காடு. பொருத்தம் போதாமல் கீழே அனுப்பப்படுகிறவர்களை இறக்கிவிடுவது அவன் வேலை. இறங்குகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு பாட்டில் குளிர்ந்த தண்ணீர் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொள்வான்.

அந்த மார்கழியில் மலையவை ஒரு தீர்மானம் போட்டது: பொங்கலுக்குள் ஐந்து விழுக்காட்டுக்குக் கீழே உள்ள அனைவரும் இறங்கிவிட வேண்டும். கடைசி வண்டியில் ரோப்கார் இயக்குபவனும் இறங்கிவிட்டால் காலி வண்டியை மேலே கொண்டுவருவது யார் என்ற ஒரே சிக்கலைப் பற்றி மட்டும் மூன்று மணிநேரம் விவாதித்தார்கள்.

அன்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் செவந்தி மெதுவாக ஆரம்பித்தாள்.

"என்னங்க, நான் ஒண்ணு சொல்லுவேன். கத்தக் கூடாது."

"கத்தல. சொல்லு."

"நாலை ஆறாக்குறது எனக்கு அரை நிமிஷ வேலை. ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது."

சவரிராயன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "பொய்க் கணக்குல குளிர் காயணுமாக்கும்? நான் இறக்கிவிட்டேனே அத்தன பேரு, அவுகளுக்கும் பொண்டாட்டி லேப்ல இருந்திருந்தா? வேண்டாம் செவந்தி. பொய் சொல்லி இங்க இருக்கதுக்குக் கீழ போயி வெந்து சாவலாம்."

"நீங்க வெந்து சாவீங்க. நான் இங்க ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

"நீ எதுக்கு வர்ற? எனக்கு அங்க தம்பி இருக்கான். பாத்துப்பான்."

"ஆமா, பெரிய தம்பி. ஒரு நிலவறையில ஏற்கெனவே ஒம்பது பேரு. உங்கள சுவத்துல ஆணியடிச்சுத்தான் மாட்டணும்" என்றாள். சிரித்தார்கள். பிறகு இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த நிலையில்தான் மேற்குச் சரிவில் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி எடுத்துக்கொண்டிருந்த தோண்டி என்கிற எந்திரன், "கீழே பழைமை உள்ளது, வேலையை நிறுத்துகிறேன்" என்று அறிவித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. மண்ணை விலக்கிப் பார்த்தால் கற்பதுக்கை: நாலு பக்கமும் கல் பலகை, மேலே மூடுகல், உள்ளே ஒரு மனிதனின் எலும்புகள். உட்புறக் கல்லில் மூன்று வரி எழுத்து. தமிழ் தன் குழந்தைப் பருவத்தில் கிறுக்கிய தமிழி எழுத்து. குகை எலும்புகளைவிட இது ஆயிரம் வருடத்துக்கு மேல் மூத்தது.

மலை அதிர்ந்தது. ஏனென்றால் 'எலும்பு எவ்வளவு மூத்ததோ, உரிமை அவ்வளவு மூத்தது' என்று ஒரு விதி இருந்தது. எதிர்க்கட்சிக் குடும்பம் ஒன்று எங்கிருந்தோ ஓர் எழுநூறு வருடத்து எலும்பைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, அவர்களைத் துரத்துவதற்காக மலைக்கொழுந்தே கொண்டுவந்த விதி அது. மூத்த எலும்பு கிடைத்துவிட்டால் மூலவர் மாறுவார். எல்லாருடைய விழுக்காடும் மாறும்.

மலைக்கொழுந்து கவலைப்படவில்லை. முப்பத்தெட்டு ஐம்பதாகும் என்று அவருக்குத் தோன்றியது.

முதலில் எழுத்தைப் படித்தார்கள். எழுத்தாய்வாளர் கங்காதரம் கல்லின் மேல் ஈரக் காகிதத்தை ஒற்றி, மை தட்டிப் படியெடுத்தார். எத்தனையோ கதிர்வீச்சுக் கருவிகள் வந்தும் அவர் இந்த முறையை விடவில்லை. கருவிகள் தன்னைவிட வேகமாகப் படித்துவிடுகின்றன என்ற எரிச்சல்தான் காரணம். மலையவை மொத்தமும் சுற்றி நிற்க, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்றைய தமிழில் சொன்னார்:

"கடல்புறத்திலிருந்து ஏறி வந்தோம். முன்பே இருந்தவர்கள் கிழங்கும் தேனும் தந்தார்கள். இனி ஏறி வருபவர்களுக்கு இடமில்லை."

மலைக்கொழுந்து கைதட்டினார். "பாத்தீங்களா? கடைசி வரியப் பாத்தீங்களா? நம்ம கொள்கை ஆதிகாலத்துலயே இருந்திருக்கு!"

"முதல் வரியையும் பாருங்க ஐயா" என்றார் கங்காதரம்.

"அது சும்மா, முன்னுரை."

செவந்தி கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், முன்பே இருந்தவங்கன்னு போட்டிருக்கே. கிழங்கு குடுத்தவங்க. அவங்க எலும்பு எங்க?"

கங்காதரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கெடைக்காதும்மா. கல்லும் வைக்கல, எழுதியும் வைக்கல. எழுதி வைக்காதவங்க எப்படி ஆதிகுடி ஆக முடியும்?" அவர் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் மலையவைச் செயலாளர் அதை நல்ல வாசகம் என்று கருதிக் குறித்துக்கொண்டார்.

பிறகு செவந்தியின் முறை. மனித உடம்பில் மரபணு கடைசிவரை கெடாமல் இருக்கும் இடம் உள்காதைச் சுற்றியிருக்கும் எலும்பு. கல்போலக் கெட்டியானது. யார் சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளாததால் அது தேயாமல் இருந்திருக்கலாம். செவந்தி அதில் மிளகளவு குடைந்து எடுத்தாள். பல் ஒன்றையும் சோதித்தாள். சின்ன வயதில் எந்த மண்ணின் தண்ணீரைக் குடித்தோம் என்பதைப் பல் மறப்பதே இல்லை.

முடிவு வந்தபோது அவள் இரண்டு முறை கருவியை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். பிறகு தனியாகச் சிரித்தாள். பிறகு அழுதாள். கல்லறைக்காரன் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன். மலைக்கு நடுவயதில் வந்தவன். இன்றைய கடற்கரைக்காரர்களோடுதான் அவன் மரபணு ஒட்டிக்கொண்டு நின்றது. அவள் கணவன் எங்கும் போக வேண்டியதில்லை. அதற்கு ஒரு பொய்கூடத் தேவைப்படவில்லை.

மலையவை மண்டபத்தில் புதிய மூலவரை எச்சில்மானிகளுக்குப் புகட்டினார்கள். மலைக்கொழுந்து கம்பீரமாக எழுந்து வந்து துப்பினார். பூச்சியம் எரிந்தது. தட்டைத் துடைத்துவிட்டு மறுபடி துப்பினார். வாய் வறண்டுபோகும்வரை துப்பினார். செவந்திக்கு அரை விழுக்காடு. கங்காதரத்துக்கு ஒன்று, அவர் அதற்கே சந்தோஷப்பட்டார். கடைசியில் வாசலோரம் நின்றிருந்த சவரிராயனைக் கூப்பிட்டார்கள்.

முப்பத்தாறு.

உடனே அவனுக்கு நாற்காலி வந்தது. மாலை வந்தது. யார் தோளிலிருந்தோ உருவிய பொன்னாடை வந்தது. நேற்றுவரை "ஏய், ரோப்காரு" என்று கூப்பிட்டவர்கள் "தலைவரே" என்றார்கள். நாக்குக்கு மட்டும் எலும்பே இல்லை என்பதை மரபணு அறிவியல் இன்னும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

சவரிராயன் கூச்சத்தோடு எழுந்தான். "நான் ஒண்ணுதான் கேக்கேன். கட்டுன பொண்டாட்டிக்குப் பொருத்தம் பாக்கக் கூடாது. செவந்தி என்னோடதான் இருப்பா."

செவந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மண்டபமும் உருகியது. உருகிய கையோடு ஒருவர், பொண்டாட்டி என்றால் மாமியாரும் சேர்த்திதானே என்றார். இன்னொருவர் மச்சினனைச் சேர்த்தார். பத்து வருடம் ஒரே தெருவில் குடியிருந்தவர்களும் உறவுதான் என்று ஒரு திருத்தம் வந்தது. அரைமணி நேரத்தில் மண்டபத்தில் இருந்த அனைவரும், பூச்சியக்காரர் மலைக்கொழுந்து உட்பட, ஆதிகுடிக்கு வேண்டப்பட்டவர்கள் ஆகிவிட்டார்கள். மலையில் ஒருவர்கூட இறங்க வேண்டியதில்லை. இவ்வளவு எளிதாகத் தீருகிற விஷயத்துக்கா இத்தனை வருடம் எச்சிலை வீணாக்கினோம் என்று கங்காதரம் முணுமுணுத்தார்.

மத்தியான வண்டியை இயக்க சவரிராயன் மாலையோடு ரோப்கார் நிலையத்துக்கு நடந்தான். மலைக்கொழுந்தும் கூடவே வந்தார். வழியில் பொன்னாடையைச் சரிசெய்துவிடுகிற சாக்கில் அவன் காதருகே குனிந்தார்.

"தலைவரே, ஒரு விஷயம். புது மூலவர் உங்களுக்கு மட்டும் சொந்தமில்ல. கடற்கரை பூரா அவரு ரத்தம். அடிவாரத்துல எச்சில்மானி வேலை செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு."

"அதுக்கென்ன? வரட்டுமே. நம்ம ஆளுகதானே."

"தாராளமா வரட்டும். நான் வேண்டாம்னு சொல்வேனா? மேற்குத் தொட்டிக்கு இன்னும் குழியே முடியல, அவ்வளவுதான். இருக்கறவங்களுக்கே பத்தல. செவந்தியம்மா வேற குளிர்ந்த தண்ணியில குளிச்சுப் பழகிட்டாங்க." அவ்வளவு சொல்லிவிட்டு அவர் கும்பிட்டு விலகிக்கொண்டார். பதவி போனாலும் தொழில் மறக்கவில்லை.

சட்டப்படி மூத்தகுடித் தலைவரின் பொருத்தத்தை இரண்டாம் முறை உறுதிசெய்ய வேண்டும் என்பதால், செவந்தி கையில் ஒரு சின்ன எச்சில்மானியோடு நிலையத்துக்கு வந்தாள். அவள் படியேறியபோது சவரிராயனின் தொலைபேசி கத்திக்கொண்டிருந்தது. அடிவாரத்திலிருந்து அவன் தம்பி அமல்ராசு. பின்னால் ஒரே ஆரவாரம்.

"அண்ணே! எனக்கு முப்பத்தஞ்சு! சின்னவளுக்கு முப்பத்தாறு, உன்னய மாதிரியே! இங்க அம்புட்டு பேருக்கும் எரியுதுண்ணே, சனங்க தட்டக் கட்டிப்புடிச்சு அழுவுறாங்க. மதினிகிட்ட சொல்லு, நாங்க ஒம்பது பேரும் வந்து ஒரு மூலையில கெடந்துக்குவோம். வண்டிய விடுண்ணே!"

சவரிராயன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான். மூடுபனி. தண்ணீர்த் தொட்டிக்கான பாதிக் குழி. ஸ்வெட்டர் போட்ட முகங்கள் நிலையத்தைச் சுற்றிக் கூடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. அவன் கை விசைக்கம்பியின் மேல் இருந்தது. அங்கேயே வெகுநேரம் இருந்தது.

அவனுக்குப் பொய் சொல்லப் பிடிக்காது. ஆகவே முதலில் இயக்குப்பெட்டியைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகுதான் சொன்னான்.

"அமலு... வண்டி ஓடலடா. ஃபியூஸ் இல்ல."

"அப்படியா? பரவால்லண்ணே. நாங்க எங்க போயிரப் போறோம், இங்கனயே நிக்கோம். நீ அவசரப்பட்டு வெறுங்கையோட கரண்டுல கை வச்சிராத. மெதுவாப் பாரு, என்ன?"

சவரிராயன் தொலைபேசியை வைத்தான். திரும்பினால் வாசலில் செவந்தி.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் சட்டைப்பையைப் பார்த்தாள். கையிலிருந்த எச்சில்மானியை மூடி, உறைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். கல்லறைக்காரனோடு அவனுக்குள்ள பொருத்தத்தை இன்னொரு முறை சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.