ஜான் குடும்பம்

ஷுஷான் சித்தி பகலில் செருப்புக் கடையில் வேலை பார்த்தாள். மாலை வகுப்பில் ஆங்கிலம் படித்தாள். படித்து முடித்ததும் எங்கள் தலைநகர் யெரெவானில் ஒரு சுற்றுலா அலுவலகத்துக்குப் போய், வழிகாட்டி வேலை கேட்டாள்.

முதலாளியம்மா யோசித்துவிட்டுச் சொன்னார். "சனிக்கிழமை ஏழு பேர் வர்றாங்க. கெகார்டுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு, சாயங்காலம் சிரிச்ச முகத்தோட திருப்பிக் கொண்டு வா. வந்தா வேலை உனக்கு. ஒருத்தர் குறைஞ்சாலும் நீ செருப்புக் கடைக்கே போயிடலாம்."

அதனால்தான் சித்தி என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டாள். ஆட்களை எண்ணுவது என் வேலை. எனக்கு எதையும் ஒரு தடவை எண்ணினால் நம்பிக்கை வராது. மூன்று தடவை எண்ணுவேன்.

"சதேன் ஜான், ஆள எண்ணுறியா, ஆப்பிள எண்ணுறியா?" என்று கேட்டார் ஓட்டுநர் வாச்சே மாமா.

"ஆப்பிள்னா சுலபம் மாமா. அது எழுந்து நடக்காது."

என் முழுப்பெயர் சதேனிக். ஆனால் எங்கள் ஊரில் யாரையும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். பெயருக்குப் பின்னால் 'ஜான்' என்று ஒட்டிவிடுவோம். கண்ணு, செல்லம் என்கிற மாதிரி. கோபம் வந்தால்தான் அந்த ஜான் காணாமல் போகும்.

எனக்குப் பின்னால் டோனல் தாத்தா உட்கார்ந்திருந்தார். அயர்லாந்துக்காரர். ஆள் நல்ல உயரம், தலை முழுக்க நரை. நாங்கள் பேசுவதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"நீ சதேன் ஜான். வழிகாட்டி ஷுஷான் ஜான். டிரைவர் வாச்சே ஜான். சரிதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"சரிதான்," என்றேன்.

"குடும்பமா சேர்ந்து தொழில் பண்றீங்க. ரொம்ப சந்தோஷம். எங்க ஊர்லயும் ஜான் நிறைய பேர் இருக்காங்க."

எனக்கு அது சரியாகப் புரியவில்லை. என் ஆங்கிலம்தான் மோசமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

கெகார்டில் மலைப் பாறையைக் குடைந்து தேவாலயம் கட்டியிருக்கிறார்கள். சித்தி ஒரு வரிகூட மறக்காமல் எல்லாவற்றையும் விளக்கினாள். கடைசியில், "வெளிய போகும்போது பீடத்துக்கு முதுகு காட்டக்கூடாது. பின்பக்கமாவே நடந்து போங்க," என்றாள்.

ஏழு பேரும் பின்பக்கமாக நடந்தார்கள். இல்ஸா என்ற ஜெர்மன் அம்மாள் தன் தங்கை கிரெட்டாவின் காலை மிதித்தார். கிரெட்டா ஒரு தூணிடம் மன்னிப்புக் கேட்டார். டோனல் தாத்தா மட்டும் யாரையும் இடிக்காமல், மிகுந்த பக்தியோடு போய்க்கொண்டிருந்தார்.

முற்றத்துக்கு வந்ததும் எண்ணினேன். ஆறு. மறுபடியும் ஆறு. என்னையே தப்பாகச் சேர்த்து எண்ணுகிறேனோ என்று சந்தேகம் வந்தது. அப்படியானால் ஐந்துதான் இருக்கும். அது இன்னும் மோசம்.

"சித்தி, டோனல் தாத்தாவக் காணோம்."

சித்தியின் முகம் வெளுத்துவிட்டது. "சதேனிக், நல்லா எண்ணிப் பாரு."

ஜான் காணாமல் போயிருந்தது. தாத்தாவும்தான். தேவாலயத்தின் வாசலோடு நிற்காமல், முற்றத்தையும் தாண்டி, வெளிக்கதவு வழியாகவும் பின்பக்கமாகவே போயிருக்கிறார்.

ஆறு பேரையும் வண்டியில் உட்கார வைத்துவிட்டுத் தேடினோம். வெளியே வரிசையாக இனிப்பு ரொட்டிக் கடைகள். வண்டிச் சக்கரம் மாதிரி பெரிய பெரிய ரொட்டிகள்.

"உயரமா, நரைச்ச தலையோட ஒரு வெளிநாட்டுக்காரரப் பாத்தீங்களா?" என்று வாச்சே மாமா கேட்டார்.

"காலையிலேருந்து அந்த மாதிரி நாலு பஸ் நிறைய வந்துச்சு. உனக்கு எது வேணும்?" என்றார் ஒரு கடைக்கார அக்கா.

சித்தி கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "செருப்புக் கடையில ஒரு செருப்பக்கூட நான் தொலைச்சதில்ல," என்றாள் மெதுவாக.

நான் தொலைந்துபோனால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். தெரிந்தவர் பெயரைச் சொல்லி விசாரிப்பேன். டோனல் தாத்தா எந்தப் பெயரைச் சொல்லுவார்? 'குடும்பமா சேர்ந்து தொழில் பண்றீங்க.'

அப்போதுதான் எனக்கு அது புரிந்தது. ஜான் என்பது எங்கள் குடும்பப் பெயர் என்று அவர் நினைத்துவிட்டார். கடைக்கார அக்காவிடம் ஓடினேன். "அக்கா, யாராவது பேரே சொல்லாம, வெறும் ஜான்னு மட்டும் உங்களக் கூப்பிட்டாங்களா?"

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். "ஆமாம்மா, ஒரு பெரியவர். ஜான், ஜான்னு கண்ணு கலங்கக் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் என்னை அப்படிக் கூப்பிட்டு எத்தனை வருஷமாச்சு. மனசு கேக்கல, பெரிய துண்டா வெட்டிக் குடுத்தேன்."

"என்னையும்தான் கூப்பிட்டார்," என்றார் பக்கத்துக் கடைக்காரர். "நான் வால்நட் வெச்சதக் குடுத்தேன். அவ ரொட்டிய விட இதுதான் நல்லா இருக்குன்னு அவர் மூஞ்சியே சொல்லுச்சு."

"ஒண்ணும் சொல்லல. நான் பாத்துட்டுத்தான இருந்தேன்."

"அப்புறம் எங்க போனார்?" என்று குறுக்கே புகுந்தேன்.

"கீழ ஆத்தங்கரையில யாரோ யாரையோ 'சாப்பிட வா ஜான்'னு கூப்பிட்டாங்க. உடனே இறங்கிட்டார்," என்றார் அக்கா.

நாங்களும் இறங்கினோம். ஆற்றங்கரையில் ஒரு நீண்ட மேசை. அண்டாவில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. மேசையின் தலைப்பக்கத்தில், இரண்டு கையிலும் மெல்லிய லவாஷ் ரொட்டியோடு டோனல் தாத்தா உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, மிஸ் ஜான்," என்றார் அவர். "உங்க சொந்தக்காரங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்க."

சித்திக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "கிளம்பலாம் ஐயா, வண்டி காத்திருக்கு," என்றாள்.

பெரிய மீசைக்காரர் ஒருவர் கரண்டியோடு குறுக்கே வந்தார். அவர் பெயர் மிஹ்ரான். "எங்க கூட்டிட்டுப் போற? என் பையன் பட்டாளத்துலேருந்து நல்லபடியா வந்ததுக்கு நேர்த்திக்கடன் இது. ஏழு வீட்டுக்குக் கறி குடுக்கணும், நாளைக்குன்னு மிச்சம் வெக்கக்கூடாது. நாங்க இருக்கறது புது அடுக்குமாடி. கதவத் தட்டினா, எதுவும் வாங்கறதில்லன்னு உள்ளேருந்தே சொல்றாங்க. இப்பத்தான் ஒரு வீடு கிடைச்சுது. அதையும் பிடுங்கிட்டுப் போனா எப்படி?"

"இவர நான் சாயங்காலம் ஒப்படைக்கணும் அண்ணா."

"நான் இன்னிக்கு ஏழு வீட்டுக்குப் போட்டாகணும் தங்கச்சி."

இருவரும் நகரவில்லை. நான் மனதுக்குள் எண்ணினேன். வழக்கம்போல மூன்று தடவை.

"மாமா, டோனல் தாத்தா ஒரு வீடு. மேல வண்டியில இன்னும் ஆறு வீடு பசியோட உக்காந்திருக்கு," என்றேன்.

மிஹ்ரான் மாமாவின் மீசை விரிந்தது. "கூட்டிட்டு வா, ஜான்."

ஆறு பேரும் வந்தார்கள். மிஹ்ரான் மாமா இல்ஸாவையும் கிரெட்டாவையும் சந்தேகமாகப் பார்த்தார். "அக்கா தங்கச்சி மாதிரி இருக்காங்களே. ஒரே வீடா இருந்தா கணக்குல வராது."

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். இருவரும் அண்டாவை எட்டிப் பார்த்தார்கள்.

"தனித்தனி வீடு," என்றார் இல்ஸா.

"நடுவுல ஒரு ஆறே ஓடுது," என்றார் கிரெட்டா.

அண்டா காலியானது. அடுத்து, சித்தி முன்பே சொல்லி வைத்திருந்த லவாஷ் சுடும் வீட்டில் எங்களுக்காக அடுப்பு மூட்டிக் காத்திருந்தார்கள். வயிற்றில் இடமே இல்லை என்று சொல்லிக்கொண்டே அங்கேயும் எல்லோரும் சாப்பிட்டார்கள். திரும்பும்போது வண்டி மேட்டில் முனகியது. "ஆள் ஏழுதான். எடை பத்துப் பேரு," என்றார் வாச்சே மாமா.

முதலாளியம்மா வாசலிலேயே நின்றிருந்தார். ஒவ்வொருவராக இறங்க இறங்க அவரும் எண்ணினார். ஏழு. ஏழும் சிரித்த முகம்.

டோனல் தாத்தா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாள் ரொம்ப அருமை. ஆனா ஜான் குடும்பம் இவ்வளவு பெரிசுன்னு நான் நினைக்கல."

முதலாளியம்மா ஒன்றும் புரியாமல் சித்தியைப் பார்த்தார். சித்தி வானத்தைப் பார்த்தாள்.

"சரி, ஷுஷான் ஜான்," என்றார் முதலாளியம்மா. "திங்கட்கிழமை காலையில வேலைக்கு வந்துடு."

டோனல் தாத்தா என் பக்கம் குனிந்து, காதோடு கேட்டார். "இவங்களும் உங்க குடும்பமா?"

நான் நன்றாக யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

"இன்னிலேருந்து ஆமா, டோனல் ஜான்."