சத்து மாத்திரை

மனித மனம் ஒரு செஞ்சிக் கோட்டை. உள்ளே இருப்பவன் கதவைத் திறந்தாலொழிய உலகத்தில் எந்தப் படையாலும் அதைப் பிடிக்க முடியாது. ஊர் முன்னேற்றச் சங்கத்தின் ஆண்டு விழாவில் தலைவர் கோதண்டராமன் இப்படி முழங்கியபோது கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆனது. வீட்டுக்கு வந்தவர் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, அண்டாவின் விளிம்பைப் பிடித்தபடி சத்தம் வராமல் அழுதார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. மறுநாளும் அழுதார். சோறு இறங்கவில்லை, தூக்கம் ஒட்டவில்லை.

கடைசியில் சங்க வேலை என்று சொல்லிவிட்டு மதராசுக்கு பஸ் ஏறினார். அங்கே ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். "மனச்சோர்வுக்கு வந்திருக்கிற புது மருந்து. பலன் தெரிய மூணு வாரம் ஆகும். வெட்கப்பட ஒண்ணுமில்லை. ஆனா அளவுக்கு மேல போனா இதயத்தையே நிறுத்திடும். வேற யாரும் தொடக்கூடாது."

வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதை மட்டும் கோதண்டராமன் நம்பவில்லை. சீசாவின் லேபிளை வெந்நீரில் ஊறவைத்து உரித்தார். தாலுகா ஆபீசில் தலைமை குமாஸ்தாவாக இருந்த காலத்தில் கலெக்டரே மெச்சிய கையெழுத்தில் 'சத்து மாத்திரை' என்று எழுதி ஒட்டினார்.

மருந்து வேலை செய்தது, அதை மறுக்க முடியாது. நாலாவது வாரம் ஐந்து தோசை சாப்பிட்டார். படுத்ததும் தூங்கினார். வாய் மட்டும் எந்நேரமும் காய்ந்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பெரிய பேச்சாளர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டார்.

அறுபத்துநாலாம் வருஷம், சித்திரை அமாவாசை. அவருடைய அப்பா, செத்துப்போன நைனாவுக்குப் படையல் போடும் நாள். நடுப்பகல் தாண்டியிருந்தது. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் பாறை, குடித்த வெயிலையெல்லாம் ஊர்மேல் திருப்பி ஊதிக்கொண்டிருந்தது. பனியனோடு கூடத்தில் உட்கார்ந்து, வடை வாசனையை மூக்கால் அளந்துகொண்டிருந்த கோதண்டராமனுக்கு, அடுக்களையிலிருந்து மனைவி விருத்தாம்பாளின் குரல் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க. கூச்சப்படாதீங்க."

வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

"யாருகிட்டடி பேசுற?"

 கரண்டி பாத்திரத்தில் உரசும் சத்தம் மட்டும் ஒரே சீராக, நிறுத்தாமல், அடியில் ஒன்றும் இல்லாத பாத்திரத்தைச் சுரண்டுவதுபோல் வந்துகொண்டே இருந்தது. எண்ணெய் காய்ந்து தீயும் நெடி கூடத்துக்குள் பரவியது. எழுந்து போய்ப் பார்த்தார். படையல் இலைக்கு முன்னால் மணை போட்டிருந்தது. மணைக்கு எதிரே விருத்தாம்பாள் சம்மணமிட்டு உட்கார்ந்து, காலிக் குண்டானைச் சுரண்டி, ஒன்றுமில்லாத கரண்டியை இலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. அந்த வெக்கையிலும் ஒரு பொட்டு வேர்வை இல்லை. அவள் நிமிர்ந்தபோது கண்ணில் கருவிழிப் பாப்பா மட்டுமே இருந்தது. விளிம்புவரை கறுப்பு.

"ரோஷன் பீ! ரோஷன் பீ!" கொல்லைச் சுவருக்கு ஓடிக் கத்தினார்.

பக்கத்து வீட்டு ரோஷன் பீ மிளகாய் இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கையை நிறுத்தாமல் சிரித்தாள். "இன்னா தலைவரே, வடை கருகிப்போச்சா? அக்காவுக்கு இன்னிக்கு ஆனை பலம். காலைல இடுப்பு ஒடியுதுன்னு அழுதுச்சு. அப்புறம், 'அவரு ஒரு சத்து மாத்திர துன்னே அஞ்சு தோச சாப்புடுறாரு, நான் கைநெறைய துன்னுட்டேன்டி, இனிமே பாரு'ன்னுச்சு. எனக்கும் ரெண்டு குடுக்கச் சொல்லுங்க."

அலமாரிக்கு ஓடினார். சீசா கிடந்தது. அடியில் இரண்டு மாத்திரை.

மூன்றாவது தெருவில் டாக்டர் ராஜாங்கம். சங்கத் தேர்தலில் கோதண்டராமனிடம் தோற்றவர். என்ன மாத்திரை என்று கேட்பார். சொல்ல வேண்டும்.

அடுக்களைக்குத் திரும்பினார். விருத்தாம்பாள் இப்போது காற்றிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நூலை இழுத்து இழுத்து மணைப்பக்கம் நீட்டின. அவள் மணிக்கட்டைத் தொட்டார். அடுப்பில் கிடந்த சட்டுவம்போல் சுட்டது. உள்ளே நாடி ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது.

"விருத்தா. என்னப் பாருடி."

"உங்க நைனா வந்துருக்காரு." நாக்கு உலர்ந்து சொற்கள் ஒட்டி ஒட்டி வந்தன. "நூலு சிக்கிப்போச்சாம். பிரிக்கச் சொல்றாரு."

"அங்க யாருமில்ல."

"குளியலறைல அழுதியே, ஏன்டான்னு கேக்குறாரு."

அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இலையைப் பார்த்தார். அவள் கவிழ்த்தது வெறும் கரண்டி. ஆனால் இலையில் ஓரமாகச் சோறு இருந்தது. சோற்றில் விரல் பதிந்த தடம். நாலு விரல். ஈரமாக.

மணை நகர்ந்தது. நகரவில்லை. நகர்ந்தது.

"உக்காரச் சொல்றாரு உங்கள," என்றாள் விருத்தாம்பாள். "பக்கத்துல."

"டாக்டர இட்டாரேன்," என்றார்.  பின்பக்கமாகவே நடந்து வாசற்படிவரை வந்தார். முதுகைக் காட்ட மனம் வரவில்லை.

டாக்டர் ராஜாங்கத்தோடு அவர் திரும்பியபோது வீடு சத்தமில்லாமல் இருந்தது. விருத்தாம்பாள் அதே சம்மணத்தில், சுவரில் சாய்ந்து, கண் திறந்தபடி இருந்தாள். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு எடுத்துவிட்டார்.

அவளுடைய வலது கை மட்டும் மணையை நோக்கி நீண்டிருந்தது. இரண்டு விரலும் எதையோ இறுகப் பிடித்திருந்தன. டாக்டர் அந்தக் கையை மடியில் இறக்கப் பார்த்தார். வரவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினார். கொஞ்சம் இறங்கிய கை, எதிர்ப்பக்கமிருந்து யாரோ வெடுக்கென்று இழுத்ததுபோல் பழைய உயரத்துக்கே போய் நின்றது.

டாக்டர் பின்னால் நகர்ந்தார். வெகுநேரம் மணையைப் பார்த்தார்.

"இன்னா சாப்ட்டாங்க?"

"என் மாத்திரை." கோதண்டராமன் தரையைப் பார்த்தார். "மனசுக்கு."

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

அவர் சட்டைக் காலரை நீவிவிட்டார். தெரிந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. டாக்டர் வீட்டுக்கு நடக்க ஐந்து நிமிஷம். மற்ற நேரமெல்லாம் அவர் இஸ்திரி போட்ட சட்டை தேடிக்கொண்டிருந்தார்.