தபால் வந்ததோ?

படத்துக்குக் கீழே இரண்டு வரிகள் இருந்தன. இருக்கக் கூடாத வரிகள்.

தோற்றம்: 1993.06.14
மறைவு:

நிருஜன் சரிபார்க்கக் கொடுத்த அச்சுப்படியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தான். நாவலின் பின்னட்டை. அவனுடைய சிறிய படம், அதன் மேலே அவன் பெயர், அரச அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறார் என்ற ஒற்றை வாக்கியம். பிறகு அந்த இரண்டு வரிகள். மறைவுக்கு எதிரே வெற்றிடம், ஒரு திகதி சரியாக அடங்கும் அளவுக்கு.

அச்சக முதலாளி பொன்னையா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அட, மன்னிச்சிருங்க சேர். நம்ம கம்பியூட்டர்ல எல்லாமே முப்பத்தோராம் நாள் பொஸ்தகத்துக்குப் போட்டு வச்ச பக்கம். அதுலயே உங்க படத்தைத் தூக்கி வச்சிட்டாங்க. இந்த மாசம் ஒம்பது பொஸ்தகம் அடிக்கிறேன். அதுல எட்டு செத்தவங்களுது. உசுரோட இருக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"என்ர பிறந்த திகதி எப்பிடி வந்தது?"

"நீங்கதானே குடுத்திருப்பீங்க."

அவன் கொடுக்கவில்லை. சிவப்புப் பேனையால் இரண்டு வரிகளையும் வெட்டினான். ஓரத்தில் நீக்கல் குறி போட்டான்.

மாத்தளைச் சந்தைக்குப் பின்னால் இருந்த அந்த ஒழுங்கையில், அச்சு மையும் மண்ணெண்ணெயும் பக்கத்துக் கடை முற்றத்தில் காயும் மிளகும் கலந்து ஒரே வாடையாக நின்றது. மேசையில் ஏழு நினைவு மலர்கள் அடுக்கியிருந்தன. அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், கடைசிப் பக்கத்தில் நன்றி. முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். அவன் மனைவி பிரசாந்தினிக்கு அப்படி ஒன்று அடிக்கவில்லை. அவளுடைய தாய் கேட்டார். பிறகு பார்ப்போம் என்றான்.

அவளுக்கு வரவேண்டிய புத்தகங்கள் இரண்டு. இரண்டும் வரவில்லை.

இந்த நாவல் அவளுடையது. நான்கு வருடமாக மூன்று தடித்த கொப்பிகளில் எழுதினாள். இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு கட்டிலில் சாய்ந்திருந்து, நீலப் பேனையால், ழகரத்தின் வாலை அடுத்த வரிவரை இழுக்கும் தன் எழுத்தில் நல்ல படி ஒன்று எடுத்தாள். பழுப்பு உறையில் போட்டுக் கொழும்புப் பதிப்பகம் ஒன்றின் விலாசம் எழுதி, "இதை மறக்காமல் போட்டுவிடுங்கோ" என்று அவன் கையில் கொடுத்தாள். முந்திய வருடம் அவனுடைய கவிதைகளை இரண்டே வரிக் கடிதத்தோடு திருப்பி அனுப்பிய அதே பதிப்பகம். உறை அலுவலக மேசையின் அடி லாச்சிக்குப் போனது. நாளைக்கு அனுப்பலாம் என்று நினைத்தான். பிறகு அப்படி நினைப்பதும் நின்றது.

ஏழு மாதம் ஒவ்வொரு மாலையும் அவன் சப்பாத்தைக் கழற்றும்போது அறைக்குள்ளிருந்து அவள் கூப்பிடும் குரல் வரும்.

"இஞ்சருங்கோ. தபால் வந்ததோ?"

"இல்லை."

அது பொய்யில்லை. அதைத்தான் அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

அவள் இறந்த பிறகு நான்கு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கணினியில் தட்டினான். முதல் பக்கத்தில் தன் பெயரைப் போட்டான். கொப்பிகளையும் நல்ல படியையும் பழுப்பு உறையையும் வீட்டுக்குப் பின்னால் எரித்தான். கொப்பி மட்டைகள் சுருண்டு சுருண்டு வெகுநேரம் எரிந்தன.

மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பினான். சென்னையிலிருந்து வந்த பதில், 'இஞ்சருங்கோ', 'வந்ததோ' போன்ற சொற்கள் எங்கள் வாசகருக்குப் புரியாது, மாற்ற முடியுமா என்று கேட்டது. அவளுடைய கொழும்புப் பதிப்பகம் பதிலே போடவில்லை. மூன்றாவது பதிப்பகம் ஒரு பக்கம் எழுதியிருந்தது. பெண்ணின் குரலில் ஓர் ஆண் எழுதத் துணிந்தது பாராட்டுக்குரியது, ஆனால் அந்தப் பெண்ணை நம்ப முடியவில்லை.

அதை வாசித்துவிட்டு நிருஜன் சிரித்தான். ஒரு வருடத்தில் அதுதான் முதல் சிரிப்பு. அதன் பிறகு சொந்தச் செலவில் அடிக்கப் பொன்னையாவிடம் வந்தான்.

இரண்டாம் அச்சுப்படியை வீட்டில் வைத்துப் பார்த்தான். ஞாயிறு பின்னேரம். மழை தகரத்தில் சீராக விழுந்துகொண்டிருந்தது. கோயில் மணி ஒருதரம் கேட்டு நனைந்து அடங்கியது. குசினியில் குழாய் சொட்டியது. இவை எல்லாவற்றுக்கும் அடியில், மிக மெல்லியதாக, தாளின் மேல் பேனை ஓடுவதைப் போன்ற ஒரு கீறல் ஓசை, அவன் தலையை நிமிர்த்தும்போது நின்றும் குனியும்போது தொடர்ந்தும், அவளுடைய அறைப் பக்கமிருந்து வந்தது. பல்லியாக இருக்கும். எலியாக இருக்கும். எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு சொல் திருத்தப்பட்டிருந்தது. அவன் 'மழை' என்பதை 'மலை' என்று தட்டியிருந்தான். ஓரத்தில் சரியான சொல். நீல மையில். ழகரத்தின் வால் அடுத்த வரிவரை.

விரலால் தடவினான். மை ஈரமாக இருந்தது.

பின்னட்டையைத் திருப்பினான். அந்த இரண்டு வரிகள் அப்படியே இருந்தன. மறுபடி வெட்டினான். பேனை தாளைக் கிழித்தது.

மறுநாள் அச்சகத்தில் பொன்னையா தேத்தண்ணீர் வரவழைத்தார்.

"மிஸ்ஸிஸ் ஃபோன் பண்ணாங்க சேர்."

நிருஜன் கோப்பையைத் தொடவில்லை.

"ஆர்?"

"உங்க வீட்டம்மாதான். பேரு சொல்லல்ல. வேற ஒன்னும் கேக்கல்ல, 'புத்தகம் வந்ததோ'ன்னு கேட்டாங்க. வந்துச்சான்னு இல்ல, வந்ததோ. நம்ம ஊருல யாரு அப்படிப் பேசுறா? அதான் யாழ்ப்பாணத்து அம்மான்னு கண்டுபிடிச்சிட்டேன்." பெருமையோடு சிரித்தார். "அவசரப்படாதீங்கம்மா, வர்ற திங்கக்கிழமை ரெடின்னு சொன்னேன். 'பரவாயில்லை, எனக்குக் காத்திருந்து பழக்கம்'னாங்க. தங்கமான மனுசி சேர்."

உள்ளே இயந்திரம் தட்டத் தொடங்கியது. எட்டாவது நினைவு மலர்.

"பின்னட்டையில் அந்த வரி இன்னும் இருக்கு" என்றான் நிருஜன். தன் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது.

"எடுத்துட்டோமே சேர்? இந்தா பாருங்க." பொன்னையா திரையைக் காட்டினார். அங்கே வரிகள் இல்லை. படத்துக்குக் கீழே சுத்தமான வெள்ளை. "அது கெடக்கட்டும். பேரு சரிதானே? இப்ப சொன்னா மாத்தலாம். பிளேட் போட்டுட்டா அப்புறம் ஒன்னும் ஏலாது."

கடைசித் தாளை அவன் முன் வைத்தார். முகப்பு. நாவலின் பெயருக்குக் கீழே அவன் பெயர், பெரிய எழுத்தில். அவள் பெயர் ஆறே எழுத்தில் அடங்கிவிடும். வெட்டி எழுத அரை நிமிடம்.

மூன்றாவது பதிப்பகத்தின் கடிதம் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்ணை நம்ப முடியவில்லை.

'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு, மழையோடு, தபால்காரர் ஸப்ரி கேற்றில் சைக்கிள் மணியை அடித்தார்.

"ரோட்டுல மண் சரிஞ்சு லேட்டாயிருச்சு சேர். நனையாம சட்டைக்குள்ள வச்சுக் கொண்டாந்தேன்." முகத்தைச் சுளித்தார். "என்னமோ கருகின வாடை அடிக்குது. பொதியில நெருப்பு கிருப்பு பட்டிருக்கோ என்னவோ."

பழுப்பு உறை. ஒரு மூலை கருகியிருந்தது. அவனுடைய விலாசம் நீல மையில் இருந்தது. முத்திரைகள் பழையவை.

திங்கட்கிழமை என்றுதானே பொன்னையா சொன்னார். ஸப்ரி போய்விட்டார். கதவைச் சாத்தியதும் மின்சாரம் நின்றது. வீட்டுக்குள் சாம்பல் நிற வெளிச்சம், ஈரச் சுவரின் வாடை, அதற்குள் எரிந்த மட்டையின் வாடை. கதிரையில் உட்கார்ந்தான். சப்பாத்தைக் கழற்றவில்லை. உறையைக் கிழித்தான்.

புத்தகம். ஒரே ஒரு பிரதி.

முகப்பில் அவன் பெயர். சரியாக இருந்தது. முதல் பக்கத்திலும் அவன் பெயர். தாள்களைப் புரட்டினான். அச்செழுத்து. அச்செழுத்து. ஒவ்வொரு ழகரத்துக்கும் வால் நீண்டிருந்தது. பிறகு அவளுடைய கையெழுத்து. பக்கம் பக்கமாக. ஓரங்கள் கருகி.

கீறல் ஓசை.

நின்றது.

அவளுடைய அறையில் கட்டில் முனகியது. ஒருவர் எழும்பும்போது முனகுவதைப் போல. தரையில் வெறுங்கால். இரண்டு அடி. இடையில் ஓய்வு. இரண்டு அடி. நோயாளியின் நடை.

"இஞ்சருங்கோ."

அவன் திரும்பவில்லை.

"தபால் வந்ததோ?"

ஏழு மாதம் சொன்ன சொல் வாய்க்குள் கிடந்தது. அது வெளியே வரவில்லை. மடியில் புத்தகம் தானாகவே கவிழ்ந்து கிடந்தது. பின்னட்டை மேலே. அவன் படம். அதன் கீழே தோற்றம். அதன் கீழே மறைவு. எதிரே வெற்றிடம்.

"வந்தது" என்றான்.

தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. மெலிந்த கை. சேலைன் ஊசிக்கு ஒட்டிய பிளாஸ்டர் இன்னும் அதிலிருந்தது. விரல்களுக்கு இடையில் நீலப் பேனை. அதை அவன் விரல்களுக்குள் வைத்து மூடியது. அவசரமில்லாமல்.

"எழுதுங்கோ."

வெற்றிடத்தில் ஆண்டை எழுதினான். மாதத்தை எழுதினான். எழுத்து அவனுடையதல்ல. திகதிக்கு முன்னால் பேனை நின்றது. கத்தப் பார்த்தான். காற்று மட்டும் வந்தது.

கை அவன் கையின் மேல் அமர்ந்தது. அழுத்தவில்லை. இழுக்கவில்லை. காத்திருந்து பழகிய கை.