இடது பக்கம் பாருங்க

செம்பூரில் உள்ள அந்தத் தூக்கப் பரிசோதனை மையத்துக்கு ஜாபெஸ் கொட்டாவி விட்டபடியே வந்து சேர்ந்தான். காலை ஒன்பது மணி. ஊர் தாராவி, ஐரோலியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். இரண்டு முறை வண்டியிலேயே தூங்கிவிட்டான். நோய் என்று அறிக்கை வந்தால் வேறு வேலை தருவார்கள். இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

டெக்னீஷியன் அனிஷாவுக்கு அவன்மேல் சந்தேகம். நடிப்பவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

அவன் தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டினாள்.

"கும்பகர்ணன்னு பேரு வச்சிட்டானுவ சிஸ்டர். படுத்தா போதும், நெஞ்சு மேல ஒருத்தி ஏறி உக்காருதா. அமுக்குவான் பிசாசுன்னு எங்கம்மா சொல்லுதா."

"பிசாசு இல்ல. மூளைல ஒரெக்சின்னு ஒரு ரசாயனம் இருக்கு, அதுதான் நம்மள முழிப்பா வச்சிருக்கு. அது குறைஞ்சா கனவு நேரா உள்ள வந்துரும். கனவுல ஒடம்ப மூளையே பூட்டிரும். கண்ணு மட்டும் அசையும்."

"காதுல பேசுதாளே?"

"அதுவும் கனவுதான்."

அவன் மொபைலை வாங்கி டிராயரில் பூட்டினாள். பக்கத்து அறைக்குப் போய், மைக்கில் வழக்கமான சோதனையைச் சொன்னாள்.

"இடது பக்கம் பாருங்க. வலது பக்கம் பாருங்க. அஞ்சு தடவை கண் சிமிட்டுங்க. இப்ப தூங்குங்க."

மைக்கை அணைத்தாள்.

பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு குட்டித் தூக்கம். மூன்றாவதிலும் மூன்றே நிமிடத்தில் கனவு. திரையில் தாடைத் தசையின் அசைவைக் காட்டும் கோடு நேராகப் படுத்துவிட்டது; உடம்பு பூட்டிக்கொண்டது. இதை யாராலும் நடிக்க முடியாது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது, அவன் அறைச் சத்தத்தைக் கொண்டுவரும் ஸ்பீக்கர் கிசுகிசுத்தது.

"இடது பக்கம் பாருங்க."

அவளுடைய குரல்.

மைக் அணைந்தே இருந்தது. டிராயர் பூட்டியே இருந்தது.

திரையில் ஜாபெஸின் கண்கள் இடது பக்கம் போயின.

"வலது பக்கம் பாருங்க."

போயின.

தாடைக் கோடு அசையவில்லை. அவன் இன்னும் கனவில்தான் இருந்தான்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். அறையில் அவன் மட்டும்தான். நெஞ்சின்மேல் போர்வை குழிந்திருந்தது. அவள் பார்க்கப் பார்க்க அது மெல்ல மேலெழுந்தது.

உலுக்கி எழுப்பினாள்.

"இன்னைக்கி ஒங்க குரல்ல பேசுனா சிஸ்டர்," என்றான். "நான் நடிக்கல. சச்சி, சத்தியமா சொல்லுதேன்."

டாக்டருக்குப் போன தாளில் நேரங்களை மட்டும் எழுதினாள். குரலை எழுதினால் மொத்தத்தையும் குப்பையில் போடுவார்கள். அவன் வேலையும் போகும். நோய்தான் என்று முடிவானது. ஜாபெஸின் வேலை பிழைத்தது.

ஞாயிறு மதியம். வடாலாவில் அவள் வீடு. சாப்பிட்டுக் கண்ணயர்ந்தவளுக்குக் குக்கர் விசிலில் விழிப்பு வந்தது. மின்விசிறி தெரிந்தது. விரல் அசையவில்லை.

பயப்படாதே, மூளை பூட்டியிருக்கிறது, ஒரு நிமிடத்தில் திறக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பசை வாசனை வந்தது. நெஞ்சில் கனம் ஏறியது.

"அஞ்சு தடவை கண் சிமிட்டுங்க."

சிமிட்டக் கூடாது என்று நினைத்தாள்.

ஐந்தும் முடிந்தன.

"இப்ப தூங்குங்க."